முதல் பாரம் சாமிக்கு

செங்கல்பட்டில் ரயில்வே கேட்டைத் தாண்டி மதுராந்தகம் போகிற ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு லாரி வேலை பார்த்துவந்த தனகோடி மேஸ்திரியைத் தெரியாத டிரைவர் அந்தக் காலத்தில் கிடையாது. நல்ல மனிதன் என்று தெரிந்துவைத்திருந்தார்கள் என்றா நினைக்கிறீர்கள்? சே சே! முசுடு, பிடிவாதக்காரன் என்றுதான் தெரிந்துவைத்திருந்தார்கள். வேலைதான் முடிந்துவிட்டதே, வண்டியைக் கொடு என்றால் கொடுக்கமாட்டான். கொட்டகை ஓரத்தில் ஜல்லிக் கல் குவித்துவைத்திருந்தான். அதை அள்ளி வண்டியில் ஏற்றி, பாரத்தோடு ஓட்டிப் பார்த்து, அடியில் படுத்து எட்டிப் பார்த்த பிறகுதான் சாவி கைக்கு வரும். அவசரக்காரர்கள் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். தனகோடி பீடியைப் பற்றவைத்துக்கொண்டு முழுவதையும் கேட்பான். திட்டி ஓய்ந்ததும், "ஆச்சா? கல்ல ஏத்து" என்பான்.

வெறும் வண்டி யோக்கியன் வேஷம் போடும், பாரம் ஏறினால்தான் அதன் குணம் தெரியும் என்பது அவன் கட்சி. காஞ்சிபுரத்தில் ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் வருஷக்கணக்காகக் கிரீஸில் புரண்டு சம்பாதித்த புத்தி அது. போலீஸ்காரன் வண்டியானாலும் சரி, பஞ்சாயத்துத் தலைவர் வண்டியானாலும் சரி, கல் ஏற்றாமல் விட்டதில்லை. அப்பேர்ப்பட்டவன் ஒரே ஒருத்தனிடம் மட்டும் விட்டுக்கொடுத்தான். அந்த ஒருத்தன் அவனுடைய தங்கை புருஷன்.

தாய் தகப்பன் போன பிறகு தங்கச்சி வச்சலாவை வளர்த்தது தனகோடியும் அவன் பெண்சாதி லோகநாயகியும்தான். எழுபத்து மூன்றாம் வருஷம் வைகாசியில் அவளைத் திருக்கழுக்குன்றத்து அருணகிரிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு லாரி இருந்தது. யுத்த காலத்து மிலிட்டரி வண்டி, ஏலத்தில் எடுத்தது. பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கும். ஆனாலும் சொந்த லாரி சொந்த லாரிதானே! அருணகிரி நெற்றி நிறைய விபூதியும் சந்தனமுமாக மணவறையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, பக்திமான், பெண்ணைக் கண் கலங்க விடமாட்டான் என்று லோகநாயகி பூரித்துப்போனாள்.

அந்த வருஷமே பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறிற்று. ஓட்டினால் கட்டாது என்று லாரி வீட்டு வாசலில் நின்றுவிட்டது. எங்கோ அரபு தேசத்தில் எவனோ எண்ணெயை நிறுத்திவைத்ததற்குத் திருக்கழுக்குன்றத்தில் வச்சலாவின் காலடி காரணமாம்! மாமியார்க்காரி வாய் கூசாமல் சொன்னாள், பக்திமானும் தலையாட்டினான். பொங்கலுக்குத் தாய்வீடு போய் வா என்று அனுப்பிவைத்தார்கள். பொங்கல் போயிற்று, ஆடி போயிற்று, தீபாவளியும் போயிற்று. அழைத்துப்போக ஆள் வரவில்லை. "இன்னாடி வச்சலா, இன்னும் நீ போவலியா?" என்று குழாயடியில் கேட்கிற வாய்களுக்குப் பயந்து, அவள் யாரும் இல்லாத வேளையாகப் பார்த்துத் தண்ணீர் பிடித்து வந்தாள். இதையெல்லாம் பார்த்துப் பார்த்துத் தனகோடிக்குச் சோறு இறங்கவில்லை.

அப்படியிருக்கையில், கார்த்திகை மழை ஓய்ந்த கையோடு, அருணகிரி அந்த லாரியைக் கயிறு கட்டி இழுத்துவந்து கொட்டகை வாசலில் நிறுத்தினான். கூடவே ஒரு டீசல் எஞ்சினும் கியர்பாக்ஸும் வந்து இறங்கின. மெட்ராஸில் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடையில் பிடித்ததாம்.

"மச்சான், இத இதுல மாட்டிக் குடு. டீசல்ல வண்டி ஓடிச்சின்னா என் கஷ்டம் தீந்துடும். அன்னிக்கே உன் தங்கச்சியயும் இட்டுகினு போறேன்."

எஞ்சினையும் பெண்டாட்டியையும் ஒரே மூச்சில் பேசிமுடித்தான் மனுஷன். கொஞ்சம் ரோஷம் உள்ளவன் என்றால் அந்த எஞ்சினைத் தூக்கி ரோட்டில் உருட்டியிருப்பான். தனகோடிக்கோ வாயெல்லாம் பல். "ஆவட்டும் மாப்ளே, ஜாம் ஜாம்னு பண்ணிடலாம்" என்றான். கொட்டகைக்குப் பின்னாலேயே வீடு. கதவுக்கு உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்த வச்சலா, அன்றைக்கே எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளித்தாள்.

மார்கழி முழுக்க அந்த வேலைதான். வேறு வண்டியைக் கொட்டகைக்குள் விடவில்லை. பெட்ரோல் எஞ்சின் இருந்த இடத்தில் டீசல் எஞ்சின் உட்காராது. தாங்குகிற இரும்புகளை அறுத்துவிட்டுப் புதிதாக வெல்டிங் வைக்கவேண்டியிருந்தது. புதுக் கியர்பாக்ஸ் நீளமாகையால் பின்பக்கம் ஒரு சாண் தள்ளி வந்து நின்றது. கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போய்ச் சக்கரத்தைச் சுற்றவைக்கிற ஜாயிண்ட் ஷாப்ட்டை அந்த அளவுக்கு வெட்டிக் குறைக்கவேண்டும். வெட்டுவது பெரிய காரியமில்லை. லேத்துக்காரன் சொன்ன இடத்தில் வெட்டி ஒட்டிக் கொடுப்பான். எவ்வளவு வெட்டுவது என்பதில்தான் உயிர் இருக்கிறது.

லாரியில் பாரம் ஏறினால், வண்டியைத் தாங்குகிற பின்பக்கத்து வில் பட்டைகள் தணியும். தணிந்தால் கியர்பாக்ஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே உள்ள தூரம் குறையும். சக்கரம் பள்ளத்தில் தொங்கினால் தூரம் கூடும். அதற்காகத்தான் வண்டியைச் செய்தவன் ஷாப்ட்டை ஒரே தண்டாக வைக்காமல், ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நகர்கிற மாதிரி வைத்திருக்கிறான். நீளம் கூடிப்போனால், பாரம் ஏறும்போது நகர இடமில்லாமல் முட்டிக் கியர்பாக்ஸை உடைத்துவிடும். ரொம்பக் குறைத்துவிட்டாலோ, பள்ளத்தில் ஒன்றைவிட்டு ஒன்று கழன்றுபோகும். வில் புதுசு என்றால் இவ்வளவு தணியும் என்று குத்துமதிப்பாகவாவது சொல்லலாம். முப்பது வருஷத்துக் கிழட்டு வில் எவ்வளவு தணியும் என்று எந்தக் கொம்பனால் சொல்லமுடியும்? ஏற்றித்தான் பார்க்கவேண்டும்.

ஆகவே தனகோடி வெறும் வண்டியில் அளந்து, உத்தேசமாக ஓர் இடைவெளி விட்டு, ஷாப்ட்டை வெட்டி மாட்டினான். மாட்டிவிட்டு வழக்கம்போல் ஜல்லிக் கூடையைக் கையில் எடுத்தான். அருணகிரி ஓடிவந்து அந்தக் கூடையைப் பிடுங்கினான்.

"இன்னா மச்சான் பண்ற? மொத பாரம் சாமிக்கின்னு வேண்டிகினு கீறேன். மகாபலிபுரத்துலேர்ந்து உத்திரமேரூர் பக்கம் ஒரு கோயிலுக்கு நந்தி போவுது. அது ஏறுற வண்டில, அதுக்கு மின்னாடி கல்லு மண்ணு ஏறலாமா?"

"மாப்ளே, ஏத்திப் பாத்துட்டு எறக்கிடப் போறோம். அப்பால மஞ்சத்தண்ணி தெளிச்சி கழுவிவுட்டா ஆச்சி."

"கழுவுனா போயிடுமா? மொத பாரம் மொத பாரந்தான்."

அந்த வழக்கம் எல்லாருக்கும் உள்ளதுதான். புது வண்டி வாங்கினால் முதல் பாரம் உப்பு ஏற்றுவார்கள், நெல் ஏற்றுவார்கள், இல்லாவிட்டால் சாமி காரியம் ஏதாவது. கருங்கல்லும் செங்கல்லும் அப்புறம்தான். ஆனால் இது புது வண்டியா? யுத்தத்துக்குப் போய்வந்த கட்டை! அதைத் தனகோடி சொல்லிப் பார்த்தான். எஞ்சின் மாற்றினால் புது ஜென்மம்தான் என்றான் அருணகிரி. அப்படியானால் லோடுமேன் ஆட்களைக் கூப்பிட்டு வண்டி நிறைய நிற்கவைத்தாவது பார்க்கிறேன் என்றான் தனகோடி. மனுஷனும் பாரம்தான் என்றான் அருணகிரி. எது சொன்னாலும் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தான்.

"ஏற்கெனவே இந்த வண்டிக்குப் புடிச்ச தரித்திரம் பத்தாதா மச்சான்?" என்று சொல்லிக்கொண்டே அவன் வீட்டுப் பக்கம் கண்ணை ஓட்டினான். அங்கே வச்சலா இரண்டு தம்ளர் டீயோடு நின்றிருந்தாள். காலையிலேயே தன் புடவைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிவைத்துவிட்டவள். அண்ணன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தனகோடியின் கொட்டகையில் வேறு எவனாவது இப்படிக் கூடையைப் பிடுங்கியிருந்தால் நடப்பதே வேறு. அன்றைக்கு அவன், "சரி மாப்ளே, உன் இஷ்டம்" என்றான்.

தை பிறந்து நல்ல நாள் பார்த்து, நந்தியை ஏற்ற லாரி மகாபலிபுரம் போயிற்று. கூடத் தனகோடியும் போனான். வச்சலாவும் வந்தாள், வண்டிக்கு ஆரத்தி எடுக்கச் சுமங்கலிப் பெண்டாட்டி வேண்டுமே, அதற்காக அருணகிரியே கூப்பிட்டு அனுப்பியிருந்தான். ஒரு வருஷமாக வேண்டாதவளாக இருந்தவள் அன்றைக்கு மட்டும் அவனுக்கு மகாலட்சுமி ஆகிவிட்டாள்.

சிற்பியின் பட்டறையில் நந்தி வைக்கோல் புரி சுற்றித் தயாராக இருந்தது. மாசக்கணக்கில் ஆட்களை வைத்துக் கொத்திய ஒரே கல். அதன் கழுத்து மணியில் ஒவ்வொரு குண்டும் தனியாகத் தெரியும். மூன்று கம்பம் சேர்த்து முக்காலி நட்டு, சங்கிலி போட்டு, மேளம் முழங்க அதைத் தூக்கி லாரியில் இறக்கினார்கள். வில் பட்டைகள் முனகிக்கொண்டு தணிந்தன. தணிந்தன, இன்னும் தணிந்தன. கற்பூரம் காட்டினார்கள், கூடியிருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தனகோடி மட்டும் கும்பிடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லாரிக்கு அடியில் நுழைந்தான்.

ஷாப்ட் நகர்வதற்கு அவன் விட்டுவைத்த இடைவெளி மூடிக் கிடந்தது. நகத்தை நுழைத்துப் பார்த்தான். நகம் போயிற்று, அதற்கு மேல் ஒன்றும் போகாது. நிற்கிற வண்டியிலேயே இந்தக் கதி. ஓடுகிறபோது ஒரு மேடு பள்ளத்தில் குலுங்கினால் என்ன ஆகும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. வெளியே வந்து அருணகிரியின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனான்.

"மாப்ளே, எறக்கணும். ஷாப்ட்டு முட்டிகினு கீது. இன்னும் கொஞ்சம் வெட்டணும். நாளைக்கே மறுபடியும் ஏத்திக்கலாம்."

"ஏறுன சாமிய எறக்கறதா? வாயக் கழுவு மச்சான். மேளம் வாசிச்சாச்சி, கற்பூரம் காட்டியாச்சி. இப்ப எறக்குனா எவன் மதிப்பான் என்னை? கோயில்காரங்க அபசகுனம்னு வேற வண்டி பாத்துகினு போயிடுவாங்க."

"கியர்பாக்ஸ் ஒடைஞ்சிடும் மாப்ளே. உன் கால்ல வேணா வுழறேன். நான் வெளாட்டுக்குச் சொல்லல."

அருணகிரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "வண்டி இப்ப கெளம்பிச்சின்னா வச்சலா என் வூட்டுக்கு வரா. எறக்குனேன்னு வெய்யி, உன் வூட்டுக்கே திரும்பிடுவா. எது வோணும்? நீயே சொல்லு."

பாவி, அதையும் சிரித்துக்கொண்டே சொன்னான். தூரத்தில் பார்த்தவர்களுக்கு மச்சானும் மாப்பிள்ளையும் குலாவுகிறாற்போல் இருந்திருக்கும். தனகோடி திரும்பிப் பார்த்தான். வச்சலா ஆரத்தித் தட்டை ஏந்திக்கொண்டு, தலை நிறையக் கனகாம்பரத்தோடு, மகனோடு வந்திருந்த மாமியாருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். மாமியார் அவள் காதில் ஏதோ சொல்ல, அவள் சிரித்தாள். அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று!

அருணகிரி வண்டிக்கு வைத்திருந்த டிரைவர் மோசஸ் அதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டான். கோவளத்துக்காரன், கடற்கரையில் வளர்ந்தும் கடலுக்குப் போக மனசில்லாமல் ஸ்டியரிங் பிடிக்க வந்தவன். பிள்ளைக்குட்டிக்காரன், நிதானமான ஆள். தலையை நீட்டி, "இன்னா மேஸ்திரி, கெளம்பலாமா?" என்று கேட்டான்.

"கெளம்பு. கால்வாப் பாலத்துல மட்டும் மெதுவா ஏறி மெதுவா எறங்கு."

"ஏன், எதுனா பேஜாரா?"

"ஒண்ணுமில்ல. சாமி கீதில்ல, குலுங்கக் கூடாது."

சொல்லிவிட்டு அவனும் ஏறி மோசஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். போனால் இருவரும் சேர்ந்தே போவோம் என்று நினைப்பாம். பெரிய தியாகம்! பக்கத்தில் இருப்பவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அவனையும் சேர்த்துத் தியாகம் செய்ய இவன் யார்?

திருக்கழுக்குன்றம் ரோட்டில் ஊர் முடிகிற இடத்தில் கால்வாய்ப் பாலம் கூன் விழுந்து நிற்கும். மோசஸ் சொன்னபடி ஊர்ந்துதான் ஏறினான். அங்கே ஒன்றும் ஆகவில்லை. தனகோடி மூச்சை விட்டான். இறங்குகிற இடத்தில், பாலமும் ரோடும் சேர்கிற பள்ளத்தில் பின் சக்கரம் விழுந்து எழுந்தது. பீரங்கி போட்டாற்போல் ஒரு சத்தம். கியர்பாக்ஸின் பின்பக்கம் உடைந்து, ஷாப்ட்டின் முன் முனை கழன்று கீழே விழுந்து ரோட்டில் குத்தி நின்றது. மொத்த வண்டியும் அதன்மேல் எம்பி, வலது பக்கம் சரிந்து, கரையோடு போய்க் குப்புற விழுந்தது. கட்டின கயிறெல்லாம் தெறித்து நந்தி தனியாக உருண்டது.

தனகோடிக்கு முழங்கையில் சிராய்ப்பு. மோசஸின் வலது கால் கதவுக்கும் கரையிலிருந்த கல்லுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. கடப்பாரை போட்டு நெம்பித்தான் அவனை வெளியே எடுத்தார்கள். நந்தியின் தலை கழுத்தோடு ஒடிந்து தள்ளிக் கிடந்தது. ஓடிவந்த சிற்பி யாரையும் திட்டவில்லை. அந்தத் தலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதில் ஒட்டியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

மோசஸின் காலை முழங்காலுக்கு மேலே எடுக்கவேண்டியதாயிற்று. தனகோடி செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, மோசஸின் பெண்சாதி ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க அண்ணாத்த, நீங்களாவது நல்லா கீறீங்களே, அந்தக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றாள். அவள் தண்ணீர் கொண்டுவர வெளியே போனதும் மோசஸ் கேட்டான்.

"மேஸ்திரி, நீ அடில பூந்து பாத்துட்டுத்தான வந்த?"

"ஆமா."

"உனுக்கு அப்பவே தெரியுமா?"

தனகோடி கட்டில் காலைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். தெரியாது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம், அதுகூட வரவில்லை. மோசஸ் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். அவன் பெண்சாதி தண்ணீரோடு வருவதற்குள் தனகோடி எழுந்து வெளியே வந்துவிட்டான். அதற்குப் பிறகு மோசஸ் அவனோடு பேசவே இல்லை. கோவளத்துக்கே திரும்பிப்போய், எந்தக் கடல் வேண்டாம் என்று வந்தானோ அதன் கரையிலேயே உட்கார்ந்து ஊரார் வலைகளுக்கு முடிச்சுப் போட்டுப் பிழைத்தான்.

இதற்குள் அருணகிரி ஊரெல்லாம் சொல்லித் தீர்த்திருந்தான்: மச்சான்காரன் ஷாப்ட் அளவில் கோட்டை விட்டுவிட்டான், நம்பி மோசம் போனேன் என்று. கோயில்காரர்களும் சிற்பியும் பெரிய மனிதர்களை வைத்து நியாயம் கேட்கத் திருக்கழுக்குன்றத்தில் கூடுவதாகத் தகவல் வந்தது. அதற்கு முந்தின நாள் வச்சலா புருஷன் வீட்டிலிருந்து பஸ் ஏறி அண்ணன் வீட்டுக்கு வந்தாள். தானாக வந்தாளா, அனுப்பி வந்தாளா என்று தனகோடி கேட்கவில்லை.

"அண்ணா, நாளைக்கு நீயே ஒத்துக்கோண்ணா. அளவு தப்பாயிடிச்சின்னு ஒரு வார்த்த சொல்லிடு."

"கல்லு ஏத்தக் கூடாதுன்னு அவன் கூடையப் புடுங்கனப்ப நீ அங்கதான நின்ன?"

"நின்னேன். இல்லன்னு சொல்லல. ஆனா அவரு மேல பழி வுழுந்துச்சின்னா அப்பால என்னை அந்த வூட்ல வெச்சிப்பாங்களா? உனக்கு அது ஒரு வார்த்த. எனக்கு அதுதாண்ணா வாழ்க்க."

அடுப்படியிலிருந்து லோகநாயகி பாய்ந்து வந்தாள். "ஏண்டி, உங்கண்ணன் பொழப்புல மண்ணப் போடச் சொல்லி உன் வாய் கூசாம கேக்குதா? அந்த ஆளுக்கு இந்த ஊர்ல கீறதே அந்தப் பேரு ஒண்ணுதாண்டி!"

வச்சலா உட்கார்ந்து அழுதாள். தனகோடி பீடி பிடித்துக்கொண்டு கொட்டகையில் நின்றான். லோகநாயகி நினைத்தது போல அவன் தன் பேரைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிய மோசஸின் முதுகுதான் அவன் கண்ணில் நின்றது.

மறுநாள் சபையில் எழுந்து நின்று, "அளவு என்னுது. தப்பும் என்னுது. தெரியாம நடந்துபோச்சி, மன்னிச்சிடுங்க" என்றான். கூட்டத்தில் இரண்டொரு டிரைவர்கள் இருந்தார்கள். கல் ஏற்றாமல் விடமாட்டானே, அந்த மேஸ்திரியா என்று வாயைப் பிளந்தார்கள். ஏன் ஏற்றிப் பார்க்கவில்லை என்று ஒருவர் கேட்டார். "மறந்துட்டேன்" என்றான் தனகோடி. அருணகிரி மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். தங்கச்சிக்காகச் செய்யாத தப்பைத் தலையில் போட்டுக்கொண்டான் என்று லோகநாயகி கடைசிவரை சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். அவள் நினைத்ததைவிடப் பெரிய தப்பை அவன் செய்திருந்தான். "தெரியாம" என்று சொன்னானே, சபையில் சொன்ன பெரிய பொய் அதுதான். அந்தப் பொய்யின் மறைவில் அவன் நல்லவனாகவும் ஆகிவிட்டான், கண்ணராவி!

பரிகாரம் என்று கோயில்காரர்கள் சொன்னதையெல்லாம் செய்துமுடித்தான். ஆனால் பேர் போனது போனதுதான். சாமியைக் கவிழ்த்தவன் கையில் வண்டியைக் கொடுக்க எவனுக்குத் தைரியம் வரும்? லாரிகள் கேட்டைத் தாண்டிக் கொட்டகையைத் திரும்பிப் பார்க்காமல் போயின. வந்த ஒன்றிரண்டு பேரும் அவன் ஜல்லிக் கூடையை எடுத்தால், "இப்ப மட்டும் இன்னா மேஸ்திரி, அன்னிக்கு ஏத்தியிருக்கலாமே!" என்று நக்கல் செய்தார்கள். கொட்டகைத் தகரத்தைப் பிரித்து விற்றுவிட்டு, ஒரு ரைஸ் மில்லில் பெல்ட் மாட்டுகிற வேலைக்குப் போனான். உமித் தூசியில் இருமிக்கொண்டு வருவான், சாப்பிடுவான், படுப்பான். தங்கச்சியாவது வாழ்கிறாளே என்பதுதான் அவனுக்கு இருந்த ஒரே பிடிப்பு. தீபாவளிக்கு அவள் வந்துபோகிற அந்த ஒரு நாள் மட்டும் வீட்டில் அவன் குரல் கேட்கும்.

எழுபத்தெட்டில், ஆனி மாசத்தில் ஒரு நாள், மில்லிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவன் வாசலில் வச்சலாவின் செருப்பைப் பார்த்தான். அவள் உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்துவிட்ட முகம். அருணகிரிக்குச் செய்யூர்ப் பக்கத்தில் வேறு பெண் நிச்சயமாகிவிட்டதாம். இவளைப் போகச் சொல்லிவிட்டார்களாம். லோகநாயகி சாபம் கொடுத்துக்கொண்டே சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா காரணம் சொன்னான்?" என்று கேட்டான் தனகோடி.

"சாமிய ஒடைச்ச வூட்டுப் பொண்ணு, அதான் வயித்துல ஒண்ணும் தங்கலன்னு அவங்கம்மா சொல்றா. யாரு ஒடைச்சதுன்னு கேட்டேன். உங்கண்ணனே சபைல எழுந்து நின்னு ஒத்துக்கினான்டின்றா. நான் இன்னா பதில் சொல்லுவேன்?" அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நான்தான் பயத்துல கேட்டேன். பொட்டச்சி, புத்தியில்லாம கேட்டேன். நீ ஏண்ணா ஒத்துக்கின? உனக்கு அறிவு எங்க போச்சி?"

தனகோடி தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவன் சோற்றில் கை வைக்காமல் இருந்தான். இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததை அன்றைக்குத்தான் சொன்னான்.

"நான் சபைல பாதிதான் ஒத்துக்கினேன் வச்சலா. நந்தி ஏறுனதும் அடில போயி பாத்தேன். தாங்காதுன்னு அங்கியே தெரிஞ்சிபோச்சி. எறக்குன்னு உன் புருஷன்கிட்ட கெஞ்சினேன். எறக்குனா உன்னைத் திருப்பி அனுப்பிடுவேன்னான். அதுக்கு மேல நான் வாயத் தொறக்கல. உனக்காகத்தான் மோசஸ அந்த வண்டில போவ வுட்டேன்."

லோகநாயகி கையில் கஞ்சிப் பானையோடு அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்கும் இது புதுசு. வச்சலா எழுந்து, அவிழ்ந்த கூந்தலை முடிந்துகொண்டு, அண்ணனுக்கு எதிரே வந்து நின்றாள்.

"அந்த மனுஷன் காலு போனத என் தலைல கட்டாத. நானும் அங்கதான் நின்னுகினு இருந்தேன், பத்தடி தூரத்துல. என் வாழ்க்கைய வெச்சி நீங்க ரெண்டு பேரும் பேரம் பேசினீங்களே, என்னை ஒரு வார்த்த கேட்டியா நீ? கேட்டிருந்தா எறக்குன்னு சொல்லியிருப்பேன்."

சொல்லியிருப்பாளோ மாட்டாளோ, அது யாருக்குத் தெரியும்? அவன் கேட்கவில்லை.